வீட்டு மின்சாரமும் வீதி மின்சாரமும்

பெட்ரோல் வண்டி வாங்கியவர் எவரும் தம் வீட்டுக் கொல்லையில் எண்ணெய்க் கிணறு வெட்டிக்கொள்வதில்லை. எவ்வளவு பெரிய செல்வராக இருந்தாலும் அவருடைய வண்டி பெட்ரோல் பங்க்குக்குப் போய், மற்ற வண்டிகளோடு வரிசையில் நின்றுதான் ஆகவேண்டும். மின்சாரம் அப்படியன்று. அது ஏற்கெனவே வீட்டுக்குள் வந்திருக்கிறது. கூடத்தில் விளக்காக எரிகிறது. அடுக்களையில் மாவு அரைக்கிறது. ஆகையால் மின்சார மோட்டார் வண்டி வந்த அன்றே ஒரு புதிய கேள்வியும் அதன் கூடவே வந்துவிட்டது. வண்டிக்கு வேண்டிய மின்சாரத்தை வீட்டிலேயே ஏற்றிக்கொள்வதா, அல்லது வெளியே பொது நிலையத்துக்குச் சென்று ஏற்றிக்கொள்வதா?

நான் கல்லூரியில் பௌதிகம் கற்பித்து ஓய்வு பெற்றவன். சென்னையில் 24 குடும்பங்கள் வாழும் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறேன். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு மின்சாரக் கார் ஒன்று வாங்கினேன். பௌதிகம் தெரியும் என்ற தைரியத்தில்தான் வாங்கினேன். வண்டியை ஓட்டுவதற்கு அந்தத் தைரியம் போதுமானதாக இருந்தது. அதற்கு மின்சாரம் ஏற்றுவதற்கு அண்டை அயலாரின் தயவும் வேண்டும் என்பது பிறகுதான் விளங்கிற்று.

முதலில் சிறிது கணக்குப் பார்த்துவிடுவோம். என் வண்டியின் பாட்டரி சுமார் 40 யூனிட் கொள்ளும். யூனிட் என்பது உங்கள் வீட்டு மின்சார அட்டையில் காணும் அதே யூனிட்தான். ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். வீட்டுச் சுவரிலே உள்ள 15 ஆம்பியர் பிளக்கில் 230 வோல்ட் வருகிறது. இரண்டையும் பெருக்கினால் 3,450 வாட். நடைமுறையில் மணிக்கு 3.3 யூனிட் என்று வைத்துக்கொள்ளலாம். வழியில் வெப்பமாகக் கழிவது பத்தில் ஒரு பங்கு. ஆக, வெறுமையான பாட்டரி நிறைவதற்கு ஏறக்குறைய 13 மணி நேரம் பிடிக்கும். 32 ஆம்பியர் தாங்கும் தனிப் பெட்டியைச் சுவரில் பொருத்தினால் ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். நெடுஞ்சாலையிலே நிற்கும் பெரிய இயந்திரங்களோ 30, 60, 120 கிலோவாட் என்ற அளவில் மின்சாரத்தைத் தள்ளக்கூடியவை. அவற்றில் ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி நிறைந்துவிடும்.

அப்படியானால் அந்த 60 கிலோவாட் இயந்திரத்தையே வீட்டில் வைத்துக்கொள்ளலாமே என்று உங்களில் யாராவது கேட்கலாம். நடுத்தரக் குடும்பம் ஒன்று மின்வாரியத்திடம் அனுமதி பெற்றிருக்கும் பளு பெரும்பாலும் 5 கிலோவாட்டை ஒட்டியிருக்கும். 60 கிலோவாட் என்பது பன்னிரண்டு வீடுகளின் முழுப் பளு. ஒருவர் வண்டி ஏற்றும்போது தெருவே இருளில் மூழ்குவதை எந்தத் தெருவும் நெடுநாள் பொறுத்துக்கொள்ளாது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. பௌதிக மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம். பாட்டரி ஏற்றுக்கொள்வது நேர்திசை மின்சாரம் ஒன்றைத்தான். ஆகவே எங்கேயாவது ஓரிடத்தில் ஒன்றை மற்றொன்றாக மாற்றியாக வேண்டும். வீட்டில் ஏற்றும்போது அந்த வேலையை வண்டிக்குள்ளேயே இருக்கும் சிறு கருவி செய்கிறது. சிறு கருவியாதலால் அதன் வேகமும் சிறிது. பெரிய பொது நிலையத்தில் மாற்றும் கருவி வண்டிக்கு வெளியே, அலமாரி போன்ற பெட்டியில் இருக்கிறது. அது மாற்றிய மின்சாரத்தை நேராகப் பாட்டரிக்கே கொடுத்துவிடுகிறது. வீதி மின்சாரத்தின் வேகமும் விலையும் பெரும்பாலும் அந்த அலமாரியிலிருந்து பிறக்கின்றன.

இது முற்றிலும் புதிய வழக்கு என்று எண்ணிவிட வேண்டாம். 1900ஆம் ஆண்டை ஒட்டிய காலத்தில் அமெரிக்க நகரங்களில் மின்சார வண்டிகள் கணிசமாக ஓடின. பெட்ரோல் வண்டியை உலகெங்கும் பரப்பிய ஹென்றி ஃபோர்டின் மனைவியார் கிளாரா ஃபோர்டு, தாம் ஓட்டுவதற்கு டெட்ராய்ட் எலெக்ட்ரிக் என்ற மின்சார வண்டியைத்தான் வைத்திருந்தார். அக்காலத்திலும் மாறுதிசை மின்சாரம் வந்த வீடுகளில் இதே இடர் தோன்றியது. 1902இல் பீட்டர் கூப்பர் ஹெவிட் என்பவர் பாதரச ஆவி நிரம்பிய கண்ணாடிக் குமிழ் ஒன்றைக் கொண்டு மாறுதிசையை நேர்திசையாக்க வழி கண்டார். செல்வர் வீட்டு வண்டிக் கொட்டகைகளில் அந்தக் குமிழ் இரவெல்லாம் நீல ஒளி வீசிக்கொண்டு வண்டிக்கு உணவூட்டியது. கொட்டகை இல்லாதவர்களுக்கும் ஒரு வழி பிறந்தது. கனெக்டிகட் மாநிலத்து ஹார்ட்ஃபோர்ட் நகரின் மின்சாரக் கம்பெனி, 1910களில் பாட்டரியைத் தானே சொந்தமாக வைத்துக்கொண்டு, தீர்ந்ததை எடுத்து நிறைந்ததை வண்டியில் மாட்டிக் கொடுத்தது. வண்டி ஓடிய மைலுக்கு ஏற்பக் கட்டணம். இந்த ஹார்ட்ஃபோர்ட் ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நம்மூரிலேயே அதைச் சந்திக்கப் போகிறோம்.

நிற்க, என் கதைக்கு வருகிறேன். எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் வண்டிகள் நிற்கும் இடத்தருகே ஒரு தூண் இருக்கிறது. என் வீட்டு மீட்டரிலிருந்து அந்தத் தூண் வரை முப்பது மீட்டர் கம்பி இழுத்து, முறையான எர்த்தும், கசிவு நேர்ந்தால் தானே அறுந்துவிடும் சுவிட்சும் வைத்து ஒரு பிளக் பொருத்த வேண்டும். ஒரு நாள் வேலை. ஆனால் தூண் பொதுச் சொத்து! குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர், மரியாதை நிறைந்த மனிதர், என்னிடம் வந்து, “சார், உங்களுக்கு அனுமதி கொடுத்தால் நாளைக்கு எல்லோரும் கேட்பார்களே?” என்றார். எல்லோரும் கேட்க வேண்டும் என்பதுதானே என் ஆசை என்றேன். அது அவரைச் சமாதானப்படுத்தவில்லை.

அவர் அச்சத்தை நான் பழிக்க மாட்டேன். 2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சில மின்ஸ்கூட்டர்கள் தீப்பற்றிய செய்திகளை எல்லோரும் பத்திரிகைகளில் படித்திருந்தார்கள். அதன் பிறகு பாட்டரிப் பாதுகாப்பு விதிகள் கடுமையாக்கப்பட்டன. எனினும் விதி மாறிய செய்தி தீப்பிடித்த செய்தியைப் போல வேகமாகப் பரவுவதில்லை. மேலும் 24 வீடுகளுக்கு எங்கள் கட்டடத்தில் வண்டி நிறுத்தும் இடங்கள் 14தான். இடம் இல்லாத பத்துக் குடும்பங்கள், இடம் இருப்பவருக்கு மேலும் ஒரு வசதி எதற்கு என்று நினைத்ததில் வியப்பில்லை. மூன்று கூட்டங்கள் நடந்தன. நான்காம் கூட்டத்தில், சேதம் ஏதேனும் நேர்ந்தால் பொறுப்பு என்னுடையதே என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்த பின் அனுமதி கிடைத்தது. ஐந்து மாதங்கள் வண்டி வைத்துக்கொண்டு வீட்டில் மின்சாரம் ஏற்ற முடியாமல் இருந்தேன்.

வீடுகளிலும் அலுவலகங்களிலும் வண்டிக்கு மின்சாரம் ஏற்றிக்கொள்ளலாம் என்று மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் தெளிவாகவே சொல்கின்றன. மின்வாரியம் தடுக்கவில்லை. தடை மீட்டருக்கும் வண்டிக்கும் நடுவே உள்ள முப்பது மீட்டரில்தான் இருந்தது. ஜெர்மனியில் 2020 டிசம்பர் முதல் தேதி நடைமுறைக்கு வந்த சட்டத் திருத்தம், அடுக்குமாடியில் வீடு உடையவர் தம் வண்டி நிறுத்துமிடத்தில் மின்னேற்றி அமைத்துக்கொள்ளக் கேட்பதை ஓர் உரிமையாகவே ஆக்கியது. எப்படி அமைப்பது என்று மற்றவர்கள் முடிவு செய்யலாம்; அமைக்கவே கூடாது என்று சொல்வது எளிதன்று. நான்கு கூட்டங்களில் உட்கார்ந்து எழுந்தவனுக்கு இத்தகைய சட்டத்தின் அருமை நன்றாகத் தெரியும்.

இனி, விலை. வீட்டு மின்சாரம் மலிவு என்பது பொதுவான பேச்சு. எவ்வளவு மலிவு என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை கணக்கெடுக்கிறார்கள். முதல் 100 யூனிட் இலவசம். பிறகு படிப்படியாக விலை ஏறுகிறது. 2022 செப்டம்பரில் அமலுக்கு வந்த வீதத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குப் பிறகு வீதம் சற்று உயர்ந்திருக்கிறது. ஆனால் கணக்கின் போக்கு மாறவில்லை. இரண்டு மாதத்தில் 450 யூனிட் செலவழிக்கும் குடும்பம் அந்த வீதப்படி 1,425 ரூபாய் கட்டும். அக்குடும்பம் கார் வாங்கி, அதற்காக 250 யூனிட் கூடுதலாகச் செலவழிக்கிறது. மொத்தம் 700 யூனிட். இப்பொழுது கட்டணம் 3,650 ரூபாய். வண்டிக்காகக் கூடியது 2,225 ரூபாய். அதாவது யூனிட்டுக்கு 8 ரூபாய் 90 காசு. வண்டி கடைசியாக வந்த விருந்தாளி. அதற்குப் பந்தியின் கடைசி வரிசை விலைதான் கிடைக்கும். தவிரவும், 500 யூனிட்டைத் தாண்டியவுடன் கீழ்ப்படிகளில் இருந்த ஒரு சலுகையும் பறிபோய்விடுகிறது. 101 முதல் 200 வரையுள்ள யூனிட்டுகள் இரண்டேகால் ரூபாயிலிருந்து நாலரை ரூபாய்க்கு ஏறிவிடுகின்றன. முதல் ரசீது வந்தபோது என் மனைவி கேட்ட கேள்விகளை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அப்படியிருந்தும் வீதி மின்சாரத்தை நோக்க இது மலிவே. நெடுஞ்சாலை நிலையங்களில் நான் வரியோடு சேர்த்து யூனிட் ஒன்றுக்கு 22 ரூபாய் வரை கொடுத்திருக்கிறேன். இதில் கொள்ளை ஒன்றும் இல்லை, காரணங்கள் உண்டு. வீட்டில் மின்சாரத்துக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, நிலையத்தில் மின்னேற்றிக் கொடுப்பது ஒரு சேவையாகக் கருதப்படுவதால் நூற்றுக்கு 18 வரி. அலமாரி இயந்திரத்தின் முதல், நிலத்தின் வாடகை, தனி மின்மாற்றி, வண்டி வந்தாலும் வராவிட்டாலும் அனுமதித்த பளுவுக்குக் கட்ட வேண்டிய மாதக் கட்டணம், எல்லாம் அந்த 22 ரூபாய்க்குள் அடங்க வேண்டும். நாளில் நாலைந்து வண்டிகளே வரும் நிலையத்தில், வந்த வண்டிதான் வராத வண்டியின் பங்கையும் சேர்த்துக் கொடுக்கிறது.

கொடுத்த பணத்துக்கு இயந்திரம் வேலை செய்தால் குறையில்லை. ஒரு நாள் மாலை, திருச்சியிலே இருக்கும் என் தமக்கையாருக்கு மறுநாள் காலை அறுவைச் சிகிச்சை என்று செய்தி வந்தது. உடனே புறப்பட்டேன். நிறைந்த பாட்டரியோடு நெடுஞ்சாலையில் என் வண்டி சுமார் 240 கிலோமீட்டர் போகும். உளுந்தூர்ப்பேட்டை அருகே, 200 கிலோமீட்டரில், ஒரு நிலையம் இருப்பதாகக் கைபேசியில் உள்ள வரைபடம் காட்டிற்று. போய்ச் சேர்ந்தபோது இரவு மணி பத்தரை. இயந்திரம் இருந்தது, திரையில் ஒளியும் இருந்தது. மின்சாரம்தான் வரவில்லை. அதில் எழுதியிருந்த எண்ணுக்குப் பேசினேன். வேறொரு மாநிலத்திலிருந்து ஓர் இளைஞர், இயந்திரத்தை அணைத்து மீண்டும் இயக்குவதாகச் சொன்னார். மூன்று முறை இயக்கினார். பிறகு வருந்தினார்.

2019ஆம் ஆண்டின் அரசு நெறிமுறையில், நகரங்களில் 3 கிலோமீட்டர் சதுரக் கட்டத்துக்கு ஒன்றும், நெடுஞ்சாலையின் இருபுறமும் 25 கிலோமீட்டருக்கு ஒன்றுமாக நிலையம் வேண்டும் என்று குறித்திருந்தார்கள். 2024இல் அறிவித்த திட்டத்தில் பொது நிலையங்களுக்கென்றே 2,000 கோடி ரூபாய் ஒதுக்கினார்கள். நல்ல ஏற்பாடுகள். ஆனால் அன்றிரவு எனக்கு வேண்டியிருந்தது வேலை செய்யும் ஓர் இயந்திரம், வேறொன்றும் இல்லை. நிலையங்களை எண்ணுவது எளிது. அவற்றுள் எத்தனை இந்த நிமிஷத்தில் ஓடுகின்றன என்று எண்ணுவதே பயணிக்கு வேண்டிய எண்ணிக்கை.

சாலையோரத்தில் ஓர் உணவு விடுதி திறந்திருந்தது. மாவு அரைக்கும் இயந்திரத்துக்காக வைத்திருந்த 15 ஆம்பியர் பிளக்கை முதலாளி காட்டினார். காட்டிவிட்டு, “கரண்டை விற்கக்கூடாது என்பார்களே, ஐயா, ஏதாவது வம்பு வருமோ?” என்று தயங்கினார். வண்டிக்கு மின்னேற்றுவது மின்சாரத்தை விற்பதாகாது, அது ஒரு சேவை, அதற்கு உரிமம் வேண்டியதில்லை என்று மத்திய மின்சார அமைச்சகம் 2018 ஏப்ரலிலேயே விளக்கிவிட்டது என்று சொன்னேன். இரவு பதினொரு மணிக்குத் தோசைக்கல் அருகே நின்று மின்சாரச் சட்டத்துக்கு விரிவுரை நிகழ்த்திய ஆசிரியன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். அவர் காசு வாங்க மறுத்துவிட்டார். மூன்று மணி நேரம் அங்கே உட்கார்ந்து, ஒன்பது யூனிட் ஏற்றிக்கொண்டு, மெதுவாக ஓட்டிப் பெரம்பலூர் அருகே வேறொரு நிலையத்தை அடைந்தேன். அந்த இயந்திரம் வேலை செய்தது. மூன்று மணி நேரத்தில் ஏறியதைக் காட்டிலும் அதிகமாக அங்கே கால் மணியில் ஏறிற்று. தமக்கையாரைச் சிகிச்சை அறைக்குள் அழைத்துச் செல்வதற்குச் சில நிமிஷங்களுக்கு முன் போய்ச் சேர்ந்தேன். அவர் இன்று நலமாக இருக்கிறார். நான் எந்த வழியாக வந்தேன் என்று இன்றும் கேலி செய்கிறார்.

திரும்பும்போது வேறொரு பாடம். எனக்கு முன்னால் ஒருவர் வண்டியை இணைத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தார். நூற்றுக்கு 80 நிறைந்த பிறகும் அவர் நகரவில்லை. 80க்கு மேல் வேகம் வெகுவாகத் தளர்ந்துவிடும். கோயில் திருவிழாவுக்குப் புறப்படும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். முதலில் ஏறுபவர்கள் ஓடிப்போய் உட்கார்ந்துவிடுகிறார்கள். கடைசியில் ஏறுபவர் இடம் தேடி இடுக்கில் நுழைய வேண்டியிருக்கிறது. லித்தியம் அயனிகளும் அப்படித்தான் கரித் தகட்டின் அடுக்குகளுக்குள் போய் அமர்கின்றன. நெருக்கடி மிகும்போது வலிந்து தள்ளினால் உள்ளே நுழையாமல் வெளியிலேயே உலோகமாகப் படிந்துவிடும், பாட்டரிக்குக் கேடு. ஆகவே வண்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வீட்டில் இரவெல்லாம் மெல்ல ஏற்றும்போது இதனால் எவருக்கும் நஷ்டமில்லை. பொது இடத்தில், கடைசி இருபதுக்காக ஒருவர் உட்கார்ந்திருக்கும் நேரம் பின்னால் நிற்பவருடையது. அவரிடம் இந்தப் பஸ் உவமையைச் சொல்லிப் பார்த்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

இதுவரை சொன்னதெல்லாம் கார் வைத்திருப்பவனின் கஷ்டம். எங்கள் தெருமுனையில் மின்சார ஆட்டோ ஓட்டும் நண்பர் ஒருவர் இருக்கிறார். ஒண்டிக் குடித்தனத்தில் ஓர் அறையில் குடும்பம். ஆட்டோ தெருவில் நிற்கும். மீட்டர் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறது. வீட்டுக்காரர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வாங்கிக்கொள்வார்; இலவச 100 யூனிட் இவர் கணக்கில் வருவதேயில்லை. ஜன்னல் வழியாகக் கம்பி இழுத்து ஆட்டோவுக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் யாரோ அந்தக் கம்பியை மிதித்துவிட்டார்கள். நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. அன்றோடு வீட்டுக்காரர் நிறுத்திவிட்டார். இப்பொழுது அவர் பாட்டரி மாற்றும் நிலையத்துக்குப் போகிறார். தீர்ந்ததைக் கழற்றி வைத்து நிறைந்ததை மாட்டிக்கொண்டு சில நிமிஷங்களில் கிளம்பிவிடுகிறார். ஹார்ட்ஃபோர்ட் நகரத்து ஏற்பாடுதான்! நேரம் மிச்சம், கட்டணம் அதிகம். இரண்டு பாட்டரி மாற்றினால் ஒரு வேளைச் சாப்பாட்டுப் பணம் போய்விடுகிறது என்பது அவர் கணக்கு.

ஆக, சொந்தமாக மீட்டரும் தூணும் உள்ள எனக்கு யூனிட் 9 ரூபாய். என்னைவிட நாலு மடங்கு தூரம் ஓடி, அந்த ஓட்டத்தாலேயே பிழைக்கும் அவருக்கு அதைவிட அதிக விலை. பெட்ரோல் பங்க்கில் செல்வரும் ஏழையும் கொடுத்தது ஒரே விலை என்பதை இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இன்னும் ஒன்று. வீட்டில் ஏற்றுபவர்கள் பெரும்பாலும் இரவில் ஏற்றுகிறோம். சூரிய மின்சாரமோ பகலில் விளைவது. 2024 செப்டம்பரில் மத்திய அமைச்சகம் வெளியிட்ட நெறிகளில், பொது நிலையங்களுக்குக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை சராசரி மின்செலவில் 0.7 மடங்கும், மற்ற வேளைகளில் 1.3 மடங்கும் வாங்கலாம் என்று பரிந்துரைத்தார்கள். பகலில் ஏற்றுங்கள் என்பதை விலையால் சொல்லும் முறை இது. ஆனால் பகலில் பெரும்பாலான கார்கள் எங்கே இருக்கின்றன? அலுவலகத்திலும் கல்லூரியிலும் நிற்கின்றன. நான் பணியாற்றிய கல்லூரியின் வண்டிக் கொட்டகையில் ஒரு பிளக் கூடக் கிடையாது. மேலே தகரக் கூரை மட்டும் நாள் முழுவதும் வெயிலில் காய்ந்துகொண்டிருக்கும். வீடும் இல்லாமல் வீதியும் இல்லாமல் நடுவே இருக்கும் அத்தகைய இடங்களில்தான் மெதுவான, மலிவான பிளக்குகள் நூற்றுக்கணக்கில் வரவேண்டும் என்பது என் கருத்து. அலமாரி இயந்திரங்கள் நெடுஞ்சாலையில் இருக்கட்டும்.

சென்ற மாதம் அந்த ஆட்டோ நண்பர் என்னிடம் வந்தார். நான் பகலில் நூலகம் போய்விடுகிறேனாம். என் தூண் சும்மா இருக்கிறதாம். “மத்தியானம் ரெண்டு மணி நேரம் அங்கே போட்டுக்கலாமா சார்? காசு கொடுத்துடறேன்” என்றார். என்னுடையது குடும்ப வீத மீட்டர். அதில் பிறருக்குக் காசு வாங்கிக்கொண்டு ஏற்றுவது முறையாகாது. மின்னேற்ற நிலையங்களுக்கென்று தனி வீதம் இருக்கிறது. சங்கத்தின் பேரில் தனி இணைப்புக் கேட்டால், பகலில் அவரைப் போன்றவர்களுக்கும், இரவில் தூண் இல்லாத எங்கள் பத்துக் குடும்பங்களுக்கும் பயன்படும். வாசல் அருகே சுவரோரம் இடமும் இருக்கிறது. இதை எழுதிச் செயலாளரிடம் கொடுத்தேன். அவர் இரண்டு முறை படித்துப் பார்த்தார். வெளியாருடைய வண்டி உள்ளே வருவதா என்று புருவத்தை உயர்த்தினார். பிறகு, வருகிற ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் ஏழாவதாகச் சேர்த்திருக்கிறார். ஆறாவது, தண்ணீர்த் தொட்டி கழுவுவது பற்றி.